காணாமல் போன கிராம்கள்: வாசகர் கேள்வி - பதில்

இந்த இதழுக்கு எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாமே ஒரே விதியைச் சுற்றி வருபவை. வேதிவினைக்கு முன்பு இருந்த பொருள்களின் மொத்த நிறையும், வினை முடிந்தபின் கிடைக்கும் பொருள்களின் மொத்த நிறையும் சமம் என்கிற நிறை மாறா விதி. பாடமாகப் படிக்கும்போது யாருக்கும் சந்தேகம் வராது. தராசை எடுத்து வைத்து நிறுத்துப் பார்ப்பவர்களுக்குத்தான் வரும். அப்படிச் செய்து பார்த்து எழுதியவர்களின் கேள்விகளுக்கு முன்னுரிமை கொடுத்திருக்கிறோம்.

என் மகளுடைய அறிவியல் கண்காட்சிக்காக அரை லிட்டர் பாட்டிலில் 100 மி.லி. வினிகர் ஊற்றினோம். பலூனுக்குள் 5 கிராம் ஆப்ப சோடாவைப் போட்டு, பாட்டில் வாயில் மாட்டி, ரப்பர் பேண்டால் இறுக்கி எடை பார்த்தோம். பிறகு சோடாவை உள்ளே கொட்டினோம். பலூன் நன்றாக ஊதியது. சோப்பு நீர் தடவிப் பார்த்தோம், எங்கும் கசிவில்லை. ஆனாலும் 0.01 கிராம் காட்டும் தராசில் சுமார் 1.5 கிராம் குறைந்துவிட்டது. விதி தப்பா, தராசு தப்பா?
— ஒரு தாய், திண்டுக்கல்

இரண்டுமே தப்பில்லை. கசிவு இருக்கிறதா என்று முதலில் பார்த்தீர்கள் பாருங்கள், அதுதான் சரியான வழி. அடுத்துப் பார்க்க வேண்டியது பலூனின் அளவை.

ஊதிய பலூன், தான் அடைத்துக்கொண்ட இடத்தில் இருந்த காற்றை விலக்குகிறது. விலக்கப்பட்ட காற்றின் எடை எவ்வளவோ அவ்வளவு விசையோடு சுற்றியுள்ள காற்று பலூனை மேலே தூக்கும். தண்ணீருக்குள் ஆர்க்கிமிடீஸ் கண்ட அதே மிதப்பு விசைதான். 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 1.16 கிராம்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆப்ப சோடா 84 கிராமுக்கு 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும். 5 கிராமுக்கு 2.62 கிராம். இதற்கு 3.57 கிராம் அசெட்டிக் அமிலம் தேவை. 4 சதவீத வினிகர் 100 மி.லி.யில் 4 கிராம் இருக்கிறது, ஆகவே சோடா முழுதும் வினைபுரிந்திருக்கும். வந்த வாயுவில் 0.1, 0.2 கிராம் திரவத்திலேயே கரைந்து நிற்கும். மிச்சம் பலூனுக்குள் 1.3 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். அத்தனை காற்றின் எடை 1.5 கிராம். தராசில் குறைந்ததும் அதுதான். வாயு முழுதும் பலூனுக்குள்ளேதான் இருக்கிறது. காற்று அடியிலிருந்து தாங்கிக்கொண்ட எடையைத் தராசு காட்டவில்லை, அவ்வளவே.

இதை நீங்களே சரிபார்க்கலாம். பலூனின் சுற்றளவை நூலால் அளந்து, அந்த எண்ணை மூன்று தடவை எழுதிப் பெருக்கி (43 என்றால் 43 × 43 × 43) 59-ஆல் வகுத்தால் கொள்ளளவு கன சென்டிமீட்டரில் வரும். சுற்றளவு 43 செ.மீ. என்றால் சுமார் 1,340 கன செ.மீ. அதை 1.16-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் 1.55 கிராம். பலூன் முழு உருண்டையாக இல்லாததால் சிறிது வித்தியாசம் வரும். ஊதியவுடனே அளக்க வேண்டும். ரப்பர் வழியாகக் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட வேகமாக ஊடுருவும், ஒரு மணி நேரம் போனால் உண்மையான இழப்பே தொடங்கிவிடும்.

கண்காட்சியில் விதியை அப்படியே காட்ட வேண்டுமென்றால் பலூனை விட்டுவிடுங்கள். காலி சோடா பான பாட்டில், ஒரு லிட்டர் அளவு, அடியில் ஐந்து கால் உள்ளது எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தைத் தாங்கவே செய்யப்பட்டது அது. தண்ணீர் பாட்டிலின் மெல்லிய பிளாஸ்டிக் உப்பிக்கொள்ளும், உப்பினால் மறுபடி மிதப்பு விசை வந்துவிடும். பாட்டிலில் 20 மி.லி. வினிகர். 1 கிராம் சோடாவை டிஷ்யூ தாளில் சுருட்டி உள்ளே போட்டு உடனே மூடி, சாய்க்காமல் எடை பாருங்கள். தாள் நனைந்து வினை தொடங்க ஓரிரு வினாடி கிடைக்கும், போதும். நுரை அடங்கியதும் மறுபடி எடை பாருங்கள், முதல் எண்ணே வரும். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கூடும். சோடா அளவை மட்டும் ஏற்றாதீர்கள். கண்ணாடிப் பாட்டிலில் இதைச் செய்யவே கூடாது.

அடுத்து மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று வாயு போகும், எடை 0.3 முதல் 0.4 கிராம் வரை இறங்கும். கணக்குப்படி வந்த கார்பன் டை ஆக்சைடு 0.52 கிராமாயிற்றே என்று மகள் கேட்டால், காற்றைவிடக் கனமான அந்த வாயு பாட்டிலின் அடியில் தங்கி நிற்கிறது என்று சொல்லுங்கள். சைக்கிள் பம்பால் உள்ளே நாலைந்து நிமிடம் காற்றடித்து மறுபடி எடை பார்த்தால் குறைவு அரை கிராமை நெருங்கும்.

இன்னொன்று. மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். மலிவான டிஜிட்டல் தராசுகளில் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு மெதுவான மாற்றத்தைக் கவனிக்காதீர்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் மெல்ல நகரும் எண்ணை அவை தாமாகவே பூஜ்யமாக்கிக்கொள்ளும். மொத்த எடையைக் காட்டவிட்டு, முன்பின் எண்களைத் தாளில் எழுதிக் கழிப்பதே நம்பகமானது.

கற்பூரம் எரிந்தால் சாம்பல்கூட மிஞ்சுவதில்லை. பொருள் அழியாது என்பது கற்பூரத்துக்கும் பொருந்துமா?
— வாசகர், சிதம்பரம்

பொருந்தும். 1 கிராம் கற்பூரம் முழுமையாக எரிய 2.84 கிராம் ஆக்சிஜன் தேவை. அதிலிருந்து 2.89 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 0.95 கிராம் நீராவியும் வரும். இரு பக்கமும் கூட்டினால் 3.84. சாம்பல் என்பது விறகில் இருக்கும் கால்சியம், பொட்டாசியம் போன்ற தாது உப்புகளின் மிச்சம். கற்பூரத்தில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றைத் தவிர வேறு எதுவும் இல்லாததால் சாம்பலாக நிற்க ஒன்றுமில்லை.

உண்மையில் தட்டில் எரியும் கற்பூரம் முழுமையாக எரிவதில்லை. சுடருக்கு மேலே குளிர்ந்த எவர்சில்வர் தட்டைக் காட்டினால் கறுப்பாகப் படிவது எரியாத கார்பன். டப்பாவைத் திறந்து வைத்தால் கற்பூரம் கரைந்து போகிறதே, அது வேதிவினையே இல்லை. திடநிலையிலிருந்து நேரே ஆவியாகிறது, மூலக்கூறு மாறுவதில்லை. அதனால்தான் அறை முழுக்க அதே மணம்.

அடுப்புப் பற்ற வைத்ததும் பாத்திரத்தின் அடியில் தண்ணீர்த் துளிகள் நிற்கின்றன. பாத்திரத்தில் ஓட்டை இல்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் கலக்கிறார்களா?
— இல்லத்தரசி, சேலம்

அந்தத் தண்ணீர் சிலிண்டரிலிருந்து தண்ணீராக வரவில்லை, சுடரில் உண்டாகிறது. சமையல் வாயு என்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இரண்டிலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. நீராவி குளிர்ந்த பாத்திரத்தின் அடியில் பட்டதும் துளியாகிறது. பாத்திரம் ஐம்பது, அறுபது டிகிரியைத் தாண்டிச் சூடானால் துளி நிற்காது, அதனால் முதல் ஒரு நிமிடத்தில் மட்டும் தெரியும்.

எவ்வளவு நீர் என்று கேட்டால் பலர் நம்பமாட்டார்கள். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ வாயு. அதை முழுக்கப் பியூட்டேன் என்று வைத்துக் கணக்கிட்டால் எரிந்து முடியும்போது 22 கிலோ நீராவியும் 43 கிலோ கார்பன் டை ஆக்சைடும் வெளியேறியிருக்கும். புரோப்பேன் என்று வைத்தாலும் ஒரு கிலோதான் அங்கே இங்கே மாறும். 14 கிலோ போய் 65 கிலோ எப்படி வந்தது? மிச்சம் 51 கிலோ காற்றிலிருந்து எடுத்த ஆக்சிஜன்.

அடுக்களையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய எண் இந்த 51 கிலோதான். காற்றின் நிறையில் ஆக்சிஜன் 23 சதவீதம். ஆகவே ஒரு சிலிண்டர் எரிய சுமார் 220 கிலோ காற்று வேண்டும், அதாவது 190 கன மீட்டர். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் உள்ள அடுக்களையில் இருப்பது 27 கன மீட்டர். ஏழு அடுக்களைக் காற்றை ஒரு சிலிண்டர் குடிக்கிறது. புதுக்காற்று வராவிட்டால் எரிதல் அரைகுறையாகி, கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உயிரைக் குடிக்கும். நீலச் சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னர் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள், ஜன்னலைத் திறங்கள். கேஸ் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் பொருத்தவே கூடாது.

சிலிண்டர் வரும்போது எடையைச் சரிபார்க்க, அதன் கைப்பிடி வளையத்தை ஒட்டி எழுதியிருக்கும் காலி எடையோடு 14.2-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மெக்னீசியம் நாடாவைப் புடக்குகையில் (கடும் சூட்டைத் தாங்கும், மூடியுள்ள சிறு கிண்ணம்) எரித்து எடை கூடுவதைக் காட்டுகிறோம். 0.30 கிராமுக்கு 0.50 கிராம் வர வேண்டும். மாணவர்களுக்கு 0.45, 0.40 என்று வருகிறது. ஒரு குழுவுக்கு 0.28 வந்தது. நைட்ரைடு உண்டாவதால் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். சரிதானா?
— அரசுப் பள்ளி ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

பாதிதான் சரி. மெக்னீசியம் காற்றின் நைட்ரஜனோடும் சேரும் என்பது உண்மை. ஆனால் அது எவ்வளவு குறைக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 1 கிராம் மெக்னீசியம் முழுதும் ஆக்சைடானால் 1.66 கிராம், முழுதும் நைட்ரைடானால் 1.38 கிராம். உங்கள் 0.30 கிராமில் ஐந்தில் ஒரு பங்கு நைட்ரைடாகப் போனாலும் விடை 0.48 வரும். அத்தனையும் நைட்ரைடானால்தான் 0.415. ஆகவே 0.40 என்ற விடைக்கு நைட்ரைடு காரணமாக இருக்கவே முடியாது. 0.28 வந்த குழு புகையை இழந்திருக்கிறது. மூடியைத் தூக்கும்போது எழும் அந்த வெள்ளைப் புகை மெக்னீசியம் ஆக்சைடேதான்.

0.45 என்றால் எரியாத நாடா உள்ளே இருக்கிறதா என்று முதலில் சந்தேகப்படுங்கள். கால்வாசி நாடா எரியாமல் நின்றாலே இந்த எண் வந்துவிடும். எல்லா எடையும் எடுத்து முடித்து ஆறிய பின், மிச்சத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விடுங்கள். குமிழி கிளம்பினால் உலோகம் மிச்சமிருக்கிறது. ஆக்சைடு சத்தமில்லாமல் கரையும்.

செய்முறையை இப்படி மாற்றிப் பாருங்கள். நாடாவை உப்புத்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்க்க வேண்டும், பழைய நாடாவின் மேல் ஏற்கெனவே ஆக்சைடு இருக்கும். புடக்குகையை மூடியோடு ஐந்து நிமிடம் வெறுமனே சூடாக்கி, ஆறவைத்து எடை எடுங்கள். இதைச் செய்யாவிட்டால் களிமண் உறிஞ்சி வைத்த ஈரம் பிற்பாடு போய், உங்கள் ஆக்சைடின் கணக்கில் கழியும். நாடாவைப் பென்சிலில் தளர்வாகச் சுற்றி வையுங்கள், இறுக்கமான சுருளில் நடுப்பகுதிக்குக் காற்றுப் போகாது. மூடி வைத்தே சூடாக்குங்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை மூடியின் ஒரு விளிம்பை மட்டும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு, ஒரு வினாடி தூக்கி உடனே மூடுங்கள். பெரும்பாலான குழுக்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். உள்ளே எரிவதைப் பார்க்கும் ஆசையில் மூடியை முழுக்கத் தூக்குகிறார்கள். புகை போவதோடு, அந்த வெளிச்சம் கண்ணுக்கும் கேடு.

மூடியைத் தூக்கினாலும் ஒளிராத நிலை வந்ததும் மூடியை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் பலமாகச் சூடாக்குங்கள். முழுக்க ஆறியபின் ஐந்தாறு சொட்டுக் காய்ச்சி வடித்த நீர் விடுங்கள். நைட்ரைடு நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடாகி அம்மோனியா வெளிவரும். ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளை மேலே காட்டினால் நீலமாகும், மாணவர்களுக்கு நைட்ரைடைக் கண்ணெதிரே காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. பிறகு முதலில் மெதுவாகவும் அடுத்துப் பலமாகவும் சூடாக்கினால் ஹைட்ராக்சைடு நீரை இழந்து ஆக்சைடாகிவிடும். சூடாக இருக்கும்போது தண்ணீர் விட்டால் தெறிக்கும், எச்சரிக்கை.

எடை எடுப்பது அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகே. சூடான புடக்குகையைச் சுற்றிக் காற்று மேலெழும்பி அதையும் தட்டையும் தூக்குவதால் எடை குறைவாகத் தெரியும். அடுத்தடுத்து இரண்டு முறை சூடாக்கி எடுத்த எடைகள் ஒன்றாக வந்தால்தான் வினை முடிந்தது என்று எழுத வேண்டும். இத்தனையும் செய்தால் 0.49 வரும்.

மயில்துத்தக் (தாமிர சல்ஃபேட்) கரைசலையும் சலவை சோடாக் (சோடியம் கார்பனேட்) கரைசலையும் திறந்த பீக்கரில் கலந்தோம். வாயு வரும் வினை அல்ல, வீழ்படிவுதான் வரும் என்று படித்தோம். ஆனாலும் எடை குறைந்தது.
— பதினொன்றாம் வகுப்பு மாணவர், நாகர்கோவில்

சமன்பாட்டில் எழுதும் தாமிர கார்பனேட் தண்ணீரில் அப்படியே கிடைப்பதில்லை. உண்மையில் படிவது தாமிர ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும் சேர்ந்த காரக் கார்பனேட். அது உண்டாகும்போது கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் வெளியேறுகிறது. கலந்தவுடன் பீக்கர் ஓரத்தில் சிறு குமிழிகள் தெரிந்திருக்கும். அதனால் இந்தச் சோதனைக்குக் குடுவையைத் தக்கையால் மூடுவது கட்டாயம்.

வாயுவே வராத இணை வேண்டுமானால் கால்சியம் குளோரைடும் சோடியம் கார்பனேட்டும் நல்லது. 25 மி.லி. நீரில் 1.47 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட், இன்னொரு 25 மி.லி.யில் 1.06 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட். கலந்தால் 1 கிராம் கால்சியம் கார்பனேட் வெண்மையாகப் படியும். ஒரு கரைசலைச் சிறு சோதனைக் குழாயில் ஊற்றி, மற்றொன்று உள்ள கூம்புக் குடுவைக்குள் சாய்த்து நிறுத்தி, மொத்தமாக எடை எடுத்த பின் குடுவையைச் சாய்த்துக் கலக்குங்கள். ஒரு பீக்கரிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றினால் சுவரில் ஒட்டும் சொட்டுகளே 0.1 கிராம் பிழை தரும். கால்சியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி எடை ஏறிக்கொண்டே போகும், எனவே விரைவாக நிறுத்துக் கரைத்துவிடுங்கள். கடைச் சலவை சோடாவோ காற்றில் நீரை இழந்து வெளுத்துவிடும், கணக்குக்கு உதவாது. பேரியம் குளோரைடு, லெட் நைட்ரேட் இரண்டும் நஞ்சு. அவை இல்லாமலே இந்த விதியைக் காட்ட முடியும்போது மாணவர் கையில் அவற்றைக் கொடுக்கத் தேவையில்லை.

கிளிஞ்சல் 100 கிலோ சுடக் கொடுத்தால் 55 கிலோ சுண்ணாம்புதான் திரும்பி வருகிறது. காளவாய்க்காரர் எடுத்துக்கொள்கிறாரா? 70 கிலோ தருகிற இன்னொருவரிடம் போகலாமா?
— கட்டட மேஸ்திரி, காரைக்குடி

55 கொடுப்பவரிடமே இருங்கள். கிளிஞ்சல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். 900 டிகிரி அளவில் சுட்டால் 100 கிலோவுக்கு 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே போய்விடும். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். கிளிஞ்சலில் ஈரமும் மண்ணும் ஒட்டியிருக்கும், ஆகவே 55 என்பது நேர்மையான கணக்கு.

70 கிலோ வந்தால் 44-க்கு 30 கிலோதான் போயிருக்கிறது, அதாவது மூன்றில் இரண்டு பங்கே வெந்திருக்கிறது. வேகாத நடுப்பகுதி தண்ணீர் ஊற்றினால் நீறாமல் கட்டியாக நிற்கும், பூச்சில் கல்லாக உறுத்தும். ஆறிய கட்டியை உடைத்து உட்புறத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அடங்கியதும் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் வேகவில்லை. பழைய சுட்ட சுண்ணாம்பை எடைக்கு வாங்குவதிலும் ஏமாற்றம் உண்டு. திறந்து கிடந்தால் காற்றிலிருந்து நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் வாங்கி எடை ஏறும். நீங்கள் காசு கொடுப்பது ஈரத்துக்கு.

நீற்றும்போது 56 கிலோவுக்கு 18 கிலோ தண்ணீர் சேர்ந்து 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகும். சூட்டில் நிறைய தண்ணீர் ஆவியாகிவிடும் என்பதால் நீங்கள் ஊற்றுவது இதைப்போல் பல மடங்கு இருக்கும். சுவரில் பூசிய பிறகு அந்த 74 கிலோ, காற்றிலிருந்து 44 கிலோ கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு 18 கிலோ தண்ணீரை விட்டுவிட்டு, மறுபடி 100 கிலோ கால்சியம் கார்பனேட்டாகிறது. காளவாயில் போனது அத்தனையும் சுவருக்குத் திரும்பி வருகிறது. வேதியியல் கணக்கு இவ்வளவு அழகாக வட்டமடிக்கும் கைத்தொழில் வேறு எதையும் சொல்லத் தெரியவில்லை.

இந்தக் கடைசி வினைக்கு ஈரம் வேண்டும். கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்தால்தான் சுண்ணாம்போடு சேரும். வெயிலில் சட்டென்று காய்ந்த சுவரைத் தொட்டால் கையில் வெள்ளை ஒட்டுவது அதனால்தான். பூசுமுன் சுவரை நனையுங்கள், பூசியபின் சில நாள் ஈரம் காயாமல் தண்ணீர் தெளியுங்கள்.

இட்லி மாவு இரவில் பொங்கி இரண்டு மடங்காகிறது. எடையும் கூடுமா?
— வாசகி, கோவை

கூடாது, இம்மி குறையும். மாவிலுள்ள லியூகோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகின்றன. அந்த வாயுவை உளுந்தின் பிசுபிசுப்பு பிடித்து வைத்துக்கொள்வதால் கொள்ளளவுதான் பெருகுகிறது. மேலே வெடித்த குமிழிகளின் வாயுவும் ஆவியான நீரும் எடையில் கழியும்.

நிறை மாறா விதியைக் கண்டுபிடித்தவர் லவாய்சியர் என்று ஒரு புத்தகமும் லோமோனோசோவ் என்று இன்னொன்றும் சொல்கின்றன. தேர்வில் எதை எழுதுவது?
— போட்டித் தேர்வு எழுதுபவர், புதுச்சேரி

தேர்வுக்கு லவாய்சியர். வரலாறு இன்னும் சுவையானது. 1673-இல் இங்கிலாந்தின் ராபர்ட் பாயில், உலோகத்தை மூடிய கண்ணாடிக் கலத்தில் சூடாக்கியபின் திறந்து எடை பார்த்தார், கூடியிருந்தது. நெருப்பின் துகள்கள் கண்ணாடியைத் துளைத்துப் போய்ச் சேர்ந்துவிட்டன என்று முடிவு செய்தார். கலத்தைத் திறந்தபோது வெளிக்காற்று உள்ளே பாய்ந்ததைக் கணக்கில் எடுக்கவில்லை. 1756-இல் ரஷ்யாவின் மிகயீல் லோமோனோசோவ், திறக்காமலே எடை பார்த்தார். மாற்றமில்லை. அவருடைய முடிவு மேற்கு ஐரோப்பாவில் பரவவில்லை.

பாரிஸில் அந்துவான் லவாய்சியர் 1774-இல் வெள்ளீயத்தை மூடிய கலத்தில் சூடாக்கினார். திறக்குமுன் எடை மாறவில்லை. திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்து எடை கூடியது. அந்தக் கூடுதலும் வெள்ளீயத்தின் எடை ஏற்றமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. உலோகத்தோடு சேர்வது காற்றின் ஒரு பகுதியே என்று இதிலிருந்து தெரிந்தது. எரியும் பொருளிலிருந்து ஃபுளோஜிஸ்டன் என்ற தீப்பொருள் வெளியேறுகிறது என்ற பழைய கொள்கை இதனால் ஆட்டம் கண்டது. வினைக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு சமம் என்பதை 1789-இல் வெளியிட்ட தம் பாடநூலில் வேதியியல் முழுமைக்கும் அடிப்படையாக வைத்தார். லவாய்சியருக்கு முதன்மை தருவது அதனால் நியாயமே. வரி வசூல் நிறுவனத்தில் பங்குதாரராக இருந்த அவரைப் பிரெஞ்சுப் புரட்சி அரசு 1794 மே 8 அன்று கில்லட்டினில் கொன்றது.

நூறு ஆண்டுகள் கழித்து பெர்லினில் ஹான்ஸ் லாண்டோல்ட் இதையே மிக நுட்பமான தராசில் சோதித்தார். தொடக்கத்தில் அவருக்கும் சிறு எடைக்குறைவு தெரிந்தது. வினையின் சூட்டில் கண்ணாடிக் கலம் துளி விரிந்து அதிகக் காற்றை விலக்கியதும், கலத்தின் மேலிருந்த ஈரப்படலம் மாறியதுமே காரணம் என்று பின்னர் கண்டுகொண்டார். அவற்றை நீக்கியபின், கோடியில் ஒரு பங்கு அளவுக்குக்கூட மாற்றம் இல்லை என்று 1908 வாக்கில் முடித்தார். திண்டுக்கல் வாசகியின் பலூனும் லாண்டோல்ட்டின் கண்ணாடியும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன.

ஆற்றல் வெளிவந்தால் நிறை குறைய வேண்டும் என்று ஐன்ஸ்டீன் சொல்கிறார். அப்படியானால் எரிதலிலும் நிறை குறைகிறது அல்லவா?
— கல்லூரி மாணவி, திருச்சி

குறைகிறது. 12 கிராம் கார்பன் எரிந்தால் 393.5 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். அதை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 4.4 நானோகிராம். உண்டாகும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு, வெப்பத்தை வெளியே விட்டு ஆறியபின், அவ்வளவு குறைவாக இருக்கும். ஒரு மைக்ரோகிராமைக் காட்டும் நுண்தராசுக்கும் எட்டாது, 200 மடங்குக்கு மேல் சிறியது. வேதியியலில் விதியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ யுரேனியம்-235 முழுதும் பிளவுபட்டால் குறைவது 0.9 கிராம். அங்கேதான் இந்தச் சமன்பாடு தராசில் தெரியும் அளவுக்கு வருகிறது.

இன்வெர்ட்டர் பேட்டரியில் மாதாமாதம் அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது. கசிவில்லை. அமிலமும் சேர்த்து ஊற்ற வேண்டுமா?
— வாசகர், தஞ்சாவூர்

அமிலம் ஊற்றாதீர்கள். பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது அமிலம் தட்டுகளில் லெட் சல்ஃபேட்டாகச் சேர்ந்து நீர் உண்டாகும், சார்ஜ் ஏறும்போது அந்த நீரிலிருந்தே அமிலம் திரும்பி வரும். இதில் உள்ளே இருக்கும் நிறை மாறாது. முழுக்க சார்ஜ் ஆன பின்னும் மின்னோட்டம் தொடர்ந்தால்தான் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து மூடித் துளை வழியே போகிறது. போவது தண்ணீர் மட்டும், கந்தக அமிலம் முழுதும் உள்ளேயே நிற்கிறது. அமிலம் சேர்த்தால் செறிவு ஏறித் தட்டுகளை அரிக்கும். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும், அதுவும் முழு சார்ஜுக்குப் பிறகு. சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும் என்பதால் முன்பே நிரப்பினால் வழிந்துவிடும்.

ஒரு ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடும் அளவு) கூடுதல் சார்ஜ், பேட்டரியின் ஒரு அறையில் (செல்) 0.336 கிராம் நீரைப் பிரிக்கும். 12 வோல்ட் பேட்டரியில் ஆறு அறைகள், ஆகவே 2 கிராம். நாள் முழுதும் 0.3 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தாலே 30 நாளில் சுமார் 435 கிராம் போய்விடும். உங்கள் அரை லிட்டர் அதற்குச் சற்று மேல். மின்தடையே வராத ஊரில் பேட்டரி எப்போதும் முழு சார்ஜில் நிற்கும்போது இது நடக்கும். இன்வெர்ட்டரின் சார்ஜிங் வோல்டேஜ் கூடுதலாக இருக்கிறதா என்று மெக்கானிக்கைக் கொண்டு அளந்து பாருங்கள்.

அரை லிட்டர் நீரிலிருந்து 56 கிராம் ஹைட்ரஜன் வருகிறது. எடையில் சிறியது, இடத்தில் 690 லிட்டர். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். பேட்டரியை மூடிய அலமாரிக்குள்ளோ பூஜையறைப் பக்கத்திலோ வைத்திருந்தால் இன்றே காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.